திரைக்குப் பின்பக்கம்

மணலில் உட்கார்ந்து படம் பார்த்த கடைசி வயதுக்காரர்கள் நாம்தான். கொட்டகை என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எங்கள் கொட்டகையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எது எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த வருஷம் நடந்தது விளங்கும்.

குடவாசலுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய மேட்டுத் திடலில் அத்தா, என் தகப்பனார், கொட்டகை போட்டிருந்தார். தை அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும்போது கீற்று வேய்வோம். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியதும் பிரித்துவிடுவோம். வடக்குக் கோடியில் மெஷின் ரூம், தெற்குக் கோடியில் திரை. நடுவே இடுப்பளவு மண்சுவர். கிழக்கே ஆண்கள், மேற்கே பெண்கள். ஆண்கள் டிக்கெட்டை அத்தா கொடுப்பார், பெண்கள் டிக்கெட்டை அம்மா கொடுப்பார். சாயங்காலம் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு, அடுத்து ஒரு நாகூர் பாட்டு. நாகூர் பாட்டு முடிந்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சுற்றுப்பட்டுக்கெல்லாம் தெரியும். வயலில் இருப்பவர்கள் பிள்ளையார் பாட்டுக்குக் கை கால் கழுவுவார்கள், நாகூர் பாட்டுக்கு நடக்கத் தொடங்குவார்கள்.

திரைக்குப் பின்னால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் உண்டு. ஒலிப்பெட்டி, சுருட்டி வைத்த பழைய சுவரொட்டிகள், மிச்சக் கீற்று, மூங்கில். வாய்க்கால் பக்கம் ஒரு தட்டிக் கதவு. அந்த இடத்தில்தான் அந்த வருஷம் ஒருவர் இருந்தார்.

இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். பேராவூரணியில் தேங்காய் வியாபாரம் செய்த என் மாமா, கும்பகோணத்துக்கு லோடு ஏற்றிப்போன லாரியில் அவரை அழைத்துவந்து இறக்கினார். இருபத்தைந்து வயது இருக்கலாம். கடற்கரையில் படகிலிருந்து இறங்கியவரை மாமாவுக்குத் தெரிந்த மீன்காரர் கொண்டுவந்து விட்டாராம். ஊரில் பேக்கரியில் பாண் போடுகிற வேலை; ரொட்டியை அங்கே பாண் என்பார்கள். அங்கே இயக்கத்தில் சேரவில்லை என்று அவரைத் தேடினார்கள். இங்கே இயக்கத்துக்காரராக இருக்குமோ என்று தேடினார்கள். பதிவு இல்லாமல் வெளியே தங்கியிருப்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிடிபட்டால் வழக்கு, அதன்பின் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. இடம் கொடுத்தவர்கள் பேரிலும் வழக்கு வரும்.

"கொஞ்ச நாள்தான் மச்சான்" என்றார் மாமா. "கொட்டகையில எடுபிடிக்கு வச்சுக்குங்க. பின்னாடி நான் ஏதாச்சும் வழி பண்றேன்."

அத்தா யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. "சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போனார். அத்தோடு முடிவாகிவிட்டது.

முதல் சில நாட்கள் அவர் வெளியேதான் வேலை செய்தார். மணல் கொத்திவிடுவார், தட்டி தூக்குவார். ஒருநாள் டீக்கடையில் யாரோ ஏதோ கேட்க, ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லிவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அன்று சாயங்காலமே அத்தா அவரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. பிள்ளையார் பாட்டு ஓடும்போது வாய்க்கால் கரையோரம் நடந்து, தட்டிக் கதவைத் தள்ளி, தூக்கை வைத்துவிட்டு, நாகூர் பாட்டு முடிவதற்குள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

சில நாள் நான் திரும்பிப் போகாமல் அவரோடேயே உட்கார்ந்து பார்ப்பேன். திரைக்குப் பின்பக்கமிருந்து படம் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்களோ தெரியாது. எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஓடும். எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள், தாலியையும் இடது கையால்தான் எடுப்பார்கள். ஒலிப்பெட்டி காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சண்டைக் காட்சியில் நெஞ்சுக்குள் அடிக்கும். திரைத் துணியின் ஓரத்தில் இருந்த வெள்ளை நாடா, அதில் ஊறியிருந்த கஞ்சி வாடை, கீற்றின் வாடை, வாய்க்கால் சேற்றின் வாடை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அங்கே இருக்கும். இப்போதும் புதிதாகக் கஞ்சி போட்ட புடவையைப் பிரித்தால் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

"பிள்ளை, முன்னாலை இருந்து பாத்தா இவர் எந்தக் கையாலை சுடுறார்?" என்று கேட்பார்.

"வலது கை."

"எனக்கு இவங்கள் முழுப்பேரும் இடக்கையர்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். முன்பக்கம் கூட்டம் சிரிக்கும்போதுதான் அவர் சத்தமாகச் சிரிக்கலாம். அதனால் சில நேரம் சிரிப்பை அடக்கி வைத்திருந்து, அடுத்த நகைச்சுவைக்குச் சேர்த்துச் சிரிப்பார்.

இனி ஏட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டேஷன் ஏட்டுக்கு மெஷின் ரூமை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி போட்டிருக்கும். போலீஸ் டிக்கெட் எடுக்கும் வழக்கம் எந்தக் கொட்டகையிலும் கிடையாது. அவர் யூனிஃபார்மில் வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கோலி சோடாவும் முறுக்கும் சாப்பிட்டபடி படம் பார்ப்பார். ஆட்டம் பாதியில் எழுந்து போய்விடுவார். சோடா உடைக்கும் மரக்கட்டையை அவரே எடுத்து உடைத்துக்கொள்வார். அத்தாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வீட்டில் 'ஓசி ஏட்டு' என்றுதான் சொல்வார். "சோடாவுக்கு வாயத் தொறக்கிறவன் நாளைக்கு எதுக்கும் வாயத் தொறப்பான்" என்பார்.

ஒருநாள் ஏட்டு சோடாவைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பாய், புதுசா யாராச்சும் சிலோன்காரங்க இந்தப் பக்கம் தங்குனா காதுல போடுங்க. மேலேர்ந்து நெருக்குறாங்க."

"எனக்கு யாரைத் தெரியும் ஏட்டய்யா? பொட்டி, ரீலு, கீத்து. இதுக்கே நேரம் பத்தலை."

அன்று அத்தா இரண்டாவது முறுக்கும் கொடுத்தார். அதுவே தப்பு என்று அம்மா பிறகு சொன்னார். "என்னிக்கும் இல்லாம ரெண்டாவது முறுக்கு குடுத்தா அந்த மனுஷன் என்ன நெனைப்பாரு?"

பங்குனி வாக்கில் அந்தப் படம் வந்தது. கும்பகோணத்திலிருந்து பஸ் கூரையில் வந்த படப்பெட்டி. அத்தா சுவரொட்டியை மட்டும் பார்த்துப் பதிவு செய்திருந்தார். சுவரொட்டியில் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். சண்டைப் படம், ஆண்கள் பக்கம் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டார். ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் சண்டையே இல்லை. வேறு ஏதோ நாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். போர் நடக்கும் ஊர். ஆற்றங்கரையில் ஒரு மாவு மில். மில்காரர் மனைவி ஒரு வைத்தியரை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். பட்டாளம் தேடி வந்து தேடி வந்து போகிறது. படம் முழுக்க அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் முடிந்ததும் அத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படம் ஓடாது என்ற கவலை பாதி, மீதி வேறு.

"உலகத்துல வேற கதையே கிடைக்கலியா இவனுங்களுக்கு? இதைக் கொண்டாந்து, இங்கேயா ஓட்டறது?"

"சுவரொட்டி ஒட்டியாச்சு, தட்டி கட்டியாச்சு. பாதியில நிறுத்தினாதான் ஏன்னு கேப்பாங்க. பேசாம ஓட்டுங்க" என்றார் அம்மா.

ஆண்கள் பக்கம் முணுமுணுத்தது. "எப்ப பாய் சண்டை வரும்?" என்று மண்சுவரைத் தாண்டிக் கத்தினார்கள். ஆனால் மறுநாள் பெண்கள் பக்கம் நிரம்பியது. அதற்கு மறுநாள் உட்கார இடமில்லை. மில்காரர் மனைவி தன் பங்குச் சோற்றில் பாதியைத் தவிட்டுக் கூடைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் இடத்தில் ஊர்ப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். நான் மடியில் முந்தின நாள் காலித் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா டிக்கெட் பெட்டியை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார். அந்தக் காட்சியில் அம்மா அழமாட்டார். "கூடையில சோத்த வச்சா தவிடு ஒட்டிக்காது? வாழையெல போட்டு மூட வேணாம்?" என்று என் காதில் சொல்வார்.

ஏட்டின் மனைவியும் வந்தார். அவர் எப்போதும் டிக்கெட் எடுத்துத்தான் வருவார். "அவரு வேலை அவருக்கு, என் டிக்கெட் எனக்கு" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னதுண்டு. அந்தப் படத்தை அவர் தினமும் பார்த்தார்.

இனி அந்த நாள். ஏட்டு நாற்காலியில் இருந்தார். படத்தில் இருட்டுக் காட்சி. பட்டாளம் மில்லுக்கு வெளியே நிற்கிறது, வைத்தியர் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். திரை ஏறக்குறைய கறுப்பு. கொட்டகையில் ஒரு சத்தமில்லை. திடீரென்று திரையின் நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம் தோன்றியது. அதில் மலைபோல ஓர் ஆளின் நிழல். நிழல் ஒரு காலைத் தூக்கியது. ஒரு கோலை ஓங்கியது. இரண்டு தரம் குதித்தது.

அம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது. திரைக்குப் பின்னால் அவர் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திவிட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வெளிச்சம் இருந்தால் முன்னால் நிழல் விழும் என்பதை இத்தனை நாள் அங்கே இருந்தும் அவர் யோசிக்கவில்லை. எங்களில் யாரும் அதைச் சொல்லி வைக்கவும் இல்லை.

ஆனால் கூட்டத்துக்கு அது படம். "ஐயையோ, வெளக்க அணைய்யா! வெளில நிக்கிறானுங்க!" என்று ஒரு பாட்டி கத்தினார். "படுத்துக்கய்யா! படுத்துக்க!" என்று பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்தது. ஆண்கள் பக்கம் முதல்முறையாக விசில் பறந்தது. கடைசியில் சண்டை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கூச்சல் பின்பக்கம் கேட்டிருக்க வேண்டும். வெளிச்சம் அணைந்தது. படத்தில் பட்டாளம் திரும்பிப் போனது. கொட்டகையே கை தட்டியது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் நாங்கள் ஓடினோம். அவர் வியர்த்துப்போய் நின்றிருந்தார்.

"காலிலை என்னவோ ஏறிச்சுது அக்கா. பாம்பு எண்டு பயந்துபோனன்."

கீற்று ஓரத்தில் ஒரு தேரை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஏட்டு மறுபடி வந்தார். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. சோடா வேண்டாம் என்றுவிட்டார். இருட்டுக் காட்சி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். காட்சி வந்தது. பட்டாளம் நின்றது, திரும்பிப் போனது. நிழல் வரவில்லை. ஏட்டு எழுந்து அத்தாவிடம் வந்தார். நான் பாட்டுத் தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏன் பாய், நேத்து படத்துல ஒரு ஆளு குதிச்சாரே. இன்னிக்குக் காணோம்?"

அத்தா மெஷின் ரூமைக் காட்டினார். "ரீலு அந்துபோச்சு ஏட்டய்யா. வெட்டி ஒட்டியிருக்கோம்."

"ரீல வெட்டினா ஆளு மட்டுமா போவும்? பின்னாடி இருக்கிற மூட்டை அப்படியே இருக்கே."

ஏட்டு திரையை ஒருமுறை பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் இருட்டில் அவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேராவூரணி லாரி வர இன்னும் நாள் இருந்தது. அவரை வேறு எங்கே மாற்றுவது என்று அத்தா ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா ஒரு காரணம் சொல்லி வேண்டாம் என்றார்.

"நான் போறன் அண்ணை" என்றார் அவர். "உங்கட பிள்ளையும் குட்டியும் என்னாலை கரைச்சல்படக் கூடாது. விடிய முன்னம் நடந்து போயிடுவன்."

"எங்க போவே? வாயத் தொறந்தா ஊரு திரும்பிப் பார்க்குது" என்றார் அம்மா. "அந்த ஏட்டு சொல்றவரா இருந்தா இன்னிக்குச் சாயங்காலமே ஜீப் வந்திருக்கும். வரலை. பேசாம சாப்பிடு."

"அந்த ஆள நம்பச் சொல்றியா? ஓசி சோடா குடிக்கிறவனை?" என்றார் அத்தா.

"சோடா குடிக்கிறவன் எல்லாம் காட்டிக் குடுப்பான்னு எதுல எழுதியிருக்கு?"

மறுநாள் ஜீப் வரவில்லை. நாகூர் பாட்டு முடிந்து, அத்தா டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒருவரை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வேட்டி, கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ஏட்டு. யூனிஃபார்ம் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த உடையில் அவர் பாதியாகத் தெரிந்தார்.

"ரெண்டு தரை டிக்கெட் குடுங்க பாய்" என்று காசை நீட்டினார்.

அத்தா காசைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு டிக்கெட் ஏட்டய்யா? நாற்காலி போட்டிருக்கே."

"நாற்காலி ஏட்டுக்கு. நான் இன்னிக்கு லீவு." குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுல ரெண்டு நாளா எனக்குச் சோறு இல்ல பாய். படத்துல வந்து கதவத் தட்டுறானே ஒருத்தன், அவன் நான்தானாம். அந்த நிழலை அவளும் பார்த்துட்டா. தெனம் பார்க்கிறவளுக்குத் தெரியாதா, எது படம் எது ஆளுன்னு? 'நீ போய்த் தட்டு பார்க்கலாம்'ங்கறா."

பின்னால் வரிசையில் தள்ளினார்கள்.

"கேட்டுக்குங்க" என்றார் ஏட்டு. "நான் கூட்டிட்டுப் போனா அவரு கைதி. அவரா தாலுகா ஆபீஸுக்குப் போய் எழுதிக்கிட்டா அகதி. கேம்ப்புல வைப்பாங்க, யாரும் கப்பல் ஏத்த மாட்டாங்க. அங்க இருக்கிற கிளார்க்கு என் மச்சினன்தான், நான் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல அனுப்புங்க, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"நெசமாவா சொல்றீங்க?"

"நம்பலேன்னா அனுப்பாதீங்க. இந்தாங்க, ஒரு டிக்கெட் எனக்கு. இன்னொண்ணு பின்னாடி இருக்கிறவருக்கு. ஒருநாளாச்சும் முன்னாடி உக்காந்து பார்க்கட்டும், பாவம்."

அத்தா இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சிவப்பு நிற மெல்லிய காகிதம், ஈரக் கை பட்டால் சாயம் ஒட்டும். ஒன்று கோணலாகக் கிழிந்தது.

திரைக்குப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட நான்தான் போனேன். நம்பவில்லை. அம்மா வந்து சொன்ன பிறகுதான் எழுந்தார். விளக்கு அணைந்ததும் வாய்க்கால் கரையைச் சுற்றி வந்து, ஆண்கள் பக்கம், ஏட்டுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். ஏட்டு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாதிப் படத்தில் ஏட்டு முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தியது மண்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரிந்தது. இருட்டுக் காட்சி வந்தபோது, முன்பு பார்த்த நிழல் வராத ஏமாற்றத்தில் ஒருவர் கத்தினார்: "எங்கப்பா அந்தக் குதிக்கிற ஆளு? அவர வெட்டிட்டீங்களே பாய்!" ஏட்டு சிரித்தார். அவரும் சிரித்தார், வாயைப் பொத்தாமல்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "பிள்ளை, இவ்வளவு நாளும் அந்த மில் ஆத்துக்கு இந்தக் கரையிலை எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். மற்றக் கரையிலை இருக்கு."

மறுநாள் காலை அத்தாவே சைக்கிளில் வைத்து அழைத்துப்போனார். மத்தியானம் தனியாகத் திரும்பினார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "எழுதிக்கிட்டாங்க. பேரு, ஊரு, எல்லாம். டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றார் அத்தா. அதன்பிறகுதான் அம்மா உள்ளே போய், அந்தப் படம் வந்ததிலிருந்து அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அழுதார்.

அவர் முகாமில் சில வருஷம் இருந்தார். அங்கேயே ஓர் அடுப்புக் கட்டிப் பாண் போட்டு விற்றார். என் கல்யாணத்துக்கு ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார், வாழையிலை போட்டு மூடி. இப்போது தன் ஊரிலேயே பேக்கரி வைத்திருக்கிறார். பெருநாளைக்கு மாமா வீட்டுக்குப் பேசுவார், எனக்கும் பேசுவார். எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும், "முன்னாலை இருந்து பாத்தியோ?" என்று கேட்பார்.

அத்தா ஒருவரை சோடாவை வைத்து அளந்தார். நாமும் அப்படித்தான் பலரை அளந்திருக்கிறோம், இப்போதும் அளக்கிறோம். அதை ஒரு பெரிய குறையாக நான் சொல்லவில்லை. பயந்தவர்களுக்குக் கையில் கிடைத்ததுதான் அளவுகோல்.

அவர் முகாமுக்குப் போன அடுத்த வாரம் புதுப் படம், சண்டைப் படம். ஏட்டு யூனிஃபார்மில் வந்தார். டிக்கெட் எடுக்கவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சோடாக் கட்டைக்குக் கை நீட்டினார். அத்தா அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"இருங்க ஏட்டய்யா, நான் உடைச்சுத் தரேன்" என்றார்.